ஐஸ் பிளான்ட் கன்ட்ரோலர் போர்டுக்கு எந்த கம்பைலர், எந்த ஐடிஇ? 8051-ஐ விட்டு வெளியே வர வேண்டும்

செல்வம் (காசிமேடு):

வணக்கம். காசிமேடு துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஐஸ் பிளான்ட்களுக்கும் மீன் கோல்டு ரூம்களுக்கும் கன்ட்ரோலர் போர்டு செய்து கொடுத்து, சர்வீஸும் பார்க்கிறேன். படித்தது டிப்ளமோ இ.சி.இ. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் என் போர்டுகள் எல்லாமே 8051 குடும்பத்துச் சிப்பான ஏடி89எஸ்52. ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், நாலு இலக்க செவன் செக்மென்ட், கம்ப்ரசர் கான்டாக்டருக்கு ரிலே, ஃப்ளோட் ஸ்விட்ச், பஸ்ஸர், செட் பாயின்ட்டை (ரூம் நிற்க வேண்டிய டிகிரி) வைக்க 24சி02 என்ற மெமரி சிப். அவ்வளவுதான்.

ப்ரோகிராமை முன்பு என்னோடு தொழில் செய்தவர் கெயில் என்ற கம்பைலரில் (சி ப்ரோகிராமைச் சிப்புக்குப் புரியும் கோடாக மாற்றும் மென்பொருள்) எழுதினார். சோர்ஸ் என்னிடம் இருக்கிறது. அதை கம்பைல் செய்த கம்ப்யூட்டர் இப்போது இல்லை. கெயிலின் இலவசப் பதிப்பு 2 கேபிக்கு மேல் லிங்க் செய்யாது. என் ப்ரோகிராம் 5 கேபியைத் தாண்டும்.

இப்போது ஒரு ஓனர், மூன்று ரூம் பேனலையும் ஆர்எஸ்485 என்ற இரண்டு வயர் லைனில் இணைத்து ஆபீஸில் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும், அப்புறம் போனிலும் தெரிய வேண்டும் என்கிறார். 8 கேபி ஃப்ளாஷிலும் 256 பைட் ரேமிலும் மோட்பஸ் (அந்த லைனில் பேனல்கள் பேசிக்கொள்ளும் முறை), டிஸ்ப்ளே, அலாரம் எல்லாவற்றையும் திணிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்காகப் பழைய போர்டுகளைக் கைவிடவும் முடியாது.

அக்கா பையன் ஆர்டுயினோ போதும் என்கிறான். கிண்டி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஐஏஆர் என்ற காசு கொடுத்து வாங்கும் கம்பைலர் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். யூடியூப்பில் எல்லோரும் எஸ்டிஎம்32 சிப்புக்கான கியூப் ஐடிஇ (எழுத, கம்பைல் செய்ய, பிழை தேட ஒரே மென்பொருள்) என்கிறார்கள். என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில்தான் பிளான்ட்டை நிறுத்தி போர்டு மாற்ற விடுவார்கள். அதற்குள் எதைக் கற்றுக்கொண்டால் பிழைப்பு ஓடும்?

விக்கி (பெரம்பூர்):

ப்ரோ, ஆர்டுயினோவைத் தள்ளிவிடாதீங்க. உள்ளே இருப்பது ஏவிஆர் சிப்புகளுக்கான இலவச ஜிசிசி கம்பைலர்தான், கோட் அளவுக்கு எல்லை கிடையாது, விற்கும் பொருளில் போடவும் தடை இல்லை. விஎஸ் கோடில் பிளாட்ஃபார்ம்ஐஓ போட்டால் அதே லைப்ரரிகளை ஒழுங்கான ப்ராஜெக்ட்டாக வைத்துக்கொள்ளலாம். டிஎஸ்18பி20, மோட்பஸ் ரெண்டுக்கும் லைப்ரரி தயாராக இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் மெகா328பி சிப்பில் 32 கேபி ஃப்ளாஷ். ஒரு வாரத்தில் ஓடும்.

பாஸ்கர் (தண்டையார்பேட்டை):

செல்வம், உங்கள் கேள்வியில் ரெண்டு வேலை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. வெளியே ஓடும் 8051 போர்டுகளைக் காப்பாற்றுவது ஒன்று. புதிய போர்டுக்கு அடித்தளம் போடுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கம்பைலர் தேட வேண்டாம்.

நான் பேனல் போர்டும் எடை மெஷின் போர்டும் செய்து பல வருடம் ஆகிறது. கம்பைலர் எது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எட்டு வருடம் கழித்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில், இதே சோர்ஸிலிருந்து, சிப்பில் ஏற்றும் இதே ஹெக்ஸ் ஃபைலை உங்களால் எடுக்க முடியுமா? உங்கள் கையில் சோர்ஸ் இருந்தும் இன்று நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்பது இந்த ஒரு இடத்தில்தான். வேகம், வசதி, எடிட்டர் அழகு எல்லாம் இதற்கு அப்புறம்.

முதலில் பழைய போர்டு. கெயிலின் திருட்டுப் பதிப்பை யாராவது பென் டிரைவில் தருவார்கள், வாங்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு விற்கும் பொருள் இது. லைசென்ஸ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் எஸ்டிசிசி இருக்கிறது. சந்தீப் தத்தா தொடங்கிய இலவச கம்பைலர், 8051, இசட்80, எஸ்டிஎம்8 போன்ற சின்ன சிப்புகளுக்கென்றே எழுதியது. சோர்ஸோடு கிடைக்கிறது, அளவு எல்லை இல்லை, ஹெக்ஸ் நேராக வரும்.

ஆனால் கெயில் கோடை அப்படியே கொடுத்தால் ஏற்காது. எஸ்பிட், பிட், எக்ஸ்டேட்டா, இன்டரப்ட் போன்ற சொற்களுக்கு முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர் வர வேண்டும். போர்ட் பின்னை கேரட் குறி போட்டு எழுதும் வழக்கம் அங்கே செல்லாது. இதையெல்லாம் கம்பைலரே எரர் காட்டிச் சொல்லிவிடும், அரை நாள் வேலை. சத்தம் போடாமல் வரும் மூன்று விஷயங்கள்தான் ஆபத்து.

ஒன்று, பைட் வரிசை. இரண்டு பைட் எண்ணை கெயில் சி51 மேல் பைட் முதலில் என்று நினைவகத்தில் வைக்கும். எஸ்டிசிசி கீழ் பைட் முதலில் வைக்கும். உங்கள் 24சி02-இல் செட் பாயின்ட் ஏற்கனவே எழுதியிருக்கிறது. மைனஸ் 18 டிகிரியைப் பத்தால் பெருக்கி மைனஸ் 180 என்று வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். அது எஃப்எஃப், 4சி என்ற இரண்டு பைட். பாயின்டர் போட்டு அதை அப்படியே படித்திருந்தால் புது ஹெக்ஸ் 4சி, எஃப்எஃப் என்று புரிந்துகொள்ளும். அது 19711. அதாவது 1971.1 டிகிரி. ரூம் அதைவிடக் குளிராகத்தானே இருக்கிறது என்று கம்ப்ரசரை ஆன் செய்யவே செய்யாது. கம்பைல் ஆகும், டிஸ்ப்ளே எரியும், காலையில் மீன் போயிருக்கும். பைட்டுகளை ஷிஃப்ட் செய்து சேர்க்கும்படி அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள். அப்படியே படித்த எண் மைனஸ் 40-க்கும் ப்ளஸ் 30-க்கும் வெளியே இருந்தால் ஏற்காமல் அலாரம் அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, டிலே லூப். 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு மெஷின் சைக்கிள் 1.085 மைக்ரோ செகண்ட். ஒரே ஃபார் லூப்பை இரண்டு கம்பைலரும் வேறு வேறு எண்ணிக்கையில் இன்ஸ்ட்ரக்ஷனாக மாற்றும். டிஎஸ்18பி20-இன் ஒவ்வொரு டைம் ஸ்லாட்டும் 60 முதல் 120 மைக்ரோ செகண்டுக்குள் அடங்க வேண்டும். இதில் இருபது மைக்ரோ செகண்ட் தவறினாலும் சென்சார் பேசாது, அல்லது அவ்வப்போது தப்பாகப் பேசும். 85 டிகிரி என்று திடீரென வந்தால், அது சென்சார் பவர் ஏறியதும் வைத்திருக்கும் ஆரம்ப எண். 12 பிட் கன்வெர்ஷனுக்கு 750 மில்லி செகண்ட் வரை பிடிக்கும், அதற்கு முன்னால் படித்தாலும், நடுவில் சென்சாருக்கு சப்ளை விட்டுப்போயிருந்தாலும் அதுதான் வரும்.

மூன்று, ரேம். ஒரே நேரத்தில் ஓடாத ஃபங்ஷன்களின் லோக்கல் வேரியபிள்களை கெயில் கால் ட்ரீ பார்த்து ஒரே இடத்தில் மேலே மேலே வைக்கும். எஸ்டிசிசி இதை வேறு ஃபங்ஷனைக் கூப்பிடாத ஃபங்ஷன்களுக்கு மட்டும்தான் செய்யும். 256 பைட்டில் இந்த வித்தியாசம் உறைக்கும். ஒவ்வொரு பில்டுக்கும் அப்புறம் மெமரி ரிப்போர்ட்டைத் திறந்து ஸ்டாக்குக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

இப்போது புது போர்டு. கம்பைலரைப் பற்றி யோசிக்கும் முன், பிழை தேடும் கருவியான டீபக்கரைப் பற்றி யோசியுங்கள். 8051-இல் நீங்கள் இதுவரை எல்இடி எரியவிட்டும் பஸ்ஸர் அடித்தும்தான் பிழை தேடியிருப்பீர்கள். ஓடும் சிப்பை நிறுத்தி, வேரியபிளைப் பார்த்து, ஒரு வரி நகர்த்திப் பார்ப்பது வேறு உலகம். விக்கி சொன்ன ஆர்டுயினோ கெட்டதில்லை, கம்பைலரும் தரமானது. ஆனால் அந்த ஊனோவில் ப்ரேக்பாயின்ட் (ஓடும் ப்ரோகிராமை நிறுத்தும் இடம்) வைக்க ஆர்டுயினோ ஐடிஇயில் நேரடி வழி இல்லை. மோட்பஸ் பஸ்ஸில் மூன்று பேனலில் ஒன்று மட்டும் சில சமயம் பதில் சொல்லவில்லை என்று ஓனர் கூப்பிடும்போது அந்தக் குறை தெரியும்.

அதனால் என் கை எஸ்டிஎம்32 பக்கம் போகிறது. ஜி0 வரிசையைப் பாருங்கள். நியூக்ளியோ ஜி071 போர்டில் 128 கேபி ஃப்ளாஷ், 36 கேபி ரேம், எஸ்டி-லிங்க் டீபக்கர் போர்டிலேயே இருக்கிறது. ஜம்பரைக் கழற்றிவிட்டு அதே எஸ்டி-லிங்க்கை உங்கள் சொந்த போர்டுக்கும் மூன்று நான்கு வயரில் இணைத்துக்கொள்ளலாம். ஜி0-வில், ஆர்எஸ்485 டிரைவரை அனுப்பும் நிலைக்கு மாற்றும் டிஇ காலை, சிப்புக்குள் இருக்கும் சீரியல் பகுதியான யுஎஸ்ஆர்ட்டே தூக்கி இறக்கும். பழைய எஸ்டிஎம்32 எஃப்103-இல் கடைசி பிட் வெளியே போகும் வரை ப்ரோகிராமில் காத்திருந்து நாமே இறக்க வேண்டும், அங்கேதான் பலருக்கு மோட்பஸ் பதில் வெட்டுப்படும். ஜெனரேட்டருக்கு மாறும்போது வோல்டேஜ் தொங்குமே, அதற்கு ப்ரௌன்அவுட் ரீசெட்டும் உள்ளேயே உண்டு. 89எஸ்52-இல் அது கிடையாது.

எஸ்டிஎம்32-க்குள் இருப்பது ஆர்ம் கோர், அதற்கு கம்பைலர் ஆர்ம் ஜிசிசி. கியூப் ஐடிஇக்குள்ளும் ஓடுவது அதுதான், மேலே இருப்பது எக்லிப்ஸ் என்ற கனமான எடிட்டர். உங்கள் 4 ஜிபி லேப்டாப்பில் எக்லிப்ஸ் திணறும். அப்படியானால் கியூப் எம்எக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பின்களையும் கிளாக்கையும் அமைத்து, ப்ராஜெக்ட்டை மேக்ஃபைலாக (கம்பைல் செய்யும் படிகளின் பட்டியல்) எடுக்கச் சொல்லுங்கள். எழுதுவது எந்த எடிட்டரிலும் எழுதலாம், மேக் என்று தட்டினால் ஹெக்ஸ் வர வேண்டும். இதைப் பழகிக்கொண்டால் ஐடிஇ எதுவானாலும் உங்களுக்குக் கவலை இல்லை. எம்எக்ஸ் உருவாக்கும் ஃபைல்களில் யூசர் கோட் என்று குறித்த இடத்துக்கு வெளியே எழுதினால் அடுத்த முறை ஜெனரேட் செய்யும்போது அழிந்துவிடும். உங்கள் லாஜிக்கைத் தனி ஃபைல்களில் வைத்து, அங்கிருந்து ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது பாதுகாப்பு.

உங்கள் நண்பர் சொல்லும் ஐஏஆர் நல்ல கம்பைலர், சந்தேகமே இல்லை. வண்டியின் பிரேக்குக்கோ மருத்துவக் கருவிக்கோ எழுதுபவர்களுக்கு, பாதுகாப்புச் சான்று பெற்ற பதிப்பு அங்கே கிடைக்கிறது. அந்தக் காசுக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது. கோல்டு ரூம் போர்டுக்கு அது தேவையில்லை. கெயிலின் ஆர்ம் கம்பைலர் தொகுப்பான எம்டிகேயில் கம்யூனிட்டி என்ற இலவசப் பதிப்பு வணிகம் அல்லாத வேலைக்கு மட்டும், ஆகவே அது உங்களுக்குப் பொருந்தாது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எந்த கம்பைலரைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த இன்ஸ்டாலரின் ஜிப் ஃபைல், அதன் பதிப்பு எண், சிப் கம்பெனியின் லைப்ரரி ஃபோல்டர், சோர்ஸ் நான்கையும் ஒரே இடத்தில் வையுங்கள். சோர்ஸை கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) போடுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு ஹெக்ஸுக்கும் ஒரு எண் கொடுத்து, பவர் ஆன் ஆனதும் அந்த எண் டிஸ்ப்ளேயில் ஒரு நொடி வரட்டும். போர்டின் பின்னால் ஸ்டிக்கரிலும் எழுதுங்கள். புது பதிப்பு வந்துவிட்டது என்று கம்பைலரை அப்டேட் செய்யாதீர்கள். அப்டேட் செய்தால் அது புது ப்ரோகிராம் மாதிரி, எல்லா டெஸ்ட்டும் முதலிலிருந்து.

தேன்மொழி (திருவொற்றியூர்):

பாஸ்கர் அண்ணா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. நான் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில் டெஸ்ட் ஜிக் செய்கிறேன். கான்டாக்டரும் சோலனாய்டும் சேர்ந்த பேனலுக்குள் 3.3 வோல்ட் சிப்பை வைப்பதைவிட 5 வோல்ட் சிப் நிம்மதி. செல்வத்திடம் இருக்கும் ரிலே டிரைவர், டிஸ்ப்ளே, ஆர்எஸ்485 ஐசி எல்லாம் 5 வோல்ட்டாகத்தான் இருக்கும்.

ஏவிஆர் டிபி வரிசை 1.8 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும். 128 கேபி ஃப்ளாஷ், 16 கேபி ரேம் உள்ள சிப் இருக்கிறது. க்யூரியாசிட்டி நானோ போர்டு வாங்கினால் டீபக்கர் அதிலேயே வருகிறது, சிப்போடு பேசும் யுபிடிஐ இணைப்பு ஒரே ஒரு வயர். ப்ரேக்பாயின்ட் எல்லாம் வைக்கலாம். எம்பிலேப் எக்ஸ் ஐடிஇயும் எக்ஸ்சி8 கம்பைலரும் இலவசம், விற்கும் பொருளுக்கும் பயன்படுத்தலாம், கோட் அளவு எல்லை இல்லை. இலவசப் பதிப்பில் அளவைக் குறைக்கும் மிக உயர்ந்த ஆப்டிமைசேஷன் மட்டும் கிடைக்காது, 128 கேபி சிப்பில் அது யாருக்கு வேண்டும்? 8051-இலிருந்து வருகிறவருக்கு எஸ்டிஎம்32-இன் கிளாக் அமைப்பையும் ஹால் லைப்ரரியையும் பார்த்தாலே தலை சுற்றும். ஏவிஆர் டேட்டாஷீட்டை உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம். தடைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறாரே.

பாஸ்கர் (தண்டையார்பேட்டை):

தேன்மொழி, 5 வோல்ட் வாதம் பலமானது, மறுக்க மாட்டேன். ஜி0-வின் பெரும்பாலான கால்கள் இன்புட்டாக 5 வோல்ட்டைத் தாங்கும் என்றாலும் வெளியே தருவது 3.3 தான். பேனல் இரைச்சலுக்கு மார்ஜின் குறைவு. கையில் இருக்கும் 5 வோல்ட் பாகங்களையே தொடர்ந்து போடப்போகிறார் என்றால் டிபி வரிசை நல்ல தேர்வு. ஒரு எச்சரிக்கை: புது ஏவிஆர் சிப்புகளுக்கு ஜிசிசி மட்டும் இருந்தால் போதாது, அந்தச் சிப்பின் விவர ஃபைல்கள் அடங்கிய டிவைஸ் பேக்கும் வேண்டும். அதன் பதிப்பையும் ஜிப்போடு சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் பில்ட் திரும்ப வராது.

செல்வம் (காசிமேடு):

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 24சி02 பைட் வரிசையைப் போய்ப் பார்த்தேன், அண்ணா சொன்ன மாதிரியே பாயின்டர் போட்டுத்தான் படித்திருக்கிறார். வயிற்றைக் கலக்கிவிட்டது. அதை முதலில் மாற்றுகிறேன்.

மூணு சந்தேகம். போனில் பார்க்க வேண்டும் என்பதற்காக வைஃபை உள்ள ஈஎஸ்பி32-ஐயே மெயின் சிப்பாகப் போட்டுவிடலாமா? என்னிடம் கிடக்கும் ப்ளூ பில் (மலிவான எஸ்டிஎம்32 எஃப்103) போர்டுகளில் கற்றுக்கொள்ளலாமா? கம்ப்ரசர் நின்றால் மூன்று நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓட வேண்டும் என்று ஒரு 16 பிட் டைமர் கணக்கு வைத்திருக்கிறோம், அதை அப்படியே காப்பி செய்யலாமா?

பாஸ்கர் (தண்டையார்பேட்டை):

ஈஎஸ்பி32-ஐ ஆபீஸ் ரூமில் வையுங்கள், கம்ப்ரசர் பேனலுக்குள் வேண்டாம். அது மோட்பஸ் மாஸ்டராக மூன்று பேனலையும் கேட்டு வைஃபையில் அனுப்பட்டும். வைஃபை தொங்கினாலும், யாராவது ரௌட்டரைப் பிடுங்கினாலும், ரூம் குளிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கும் ஜிசிசிதான், அதன் மென்பொருள் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப் பதிப்பையும் அதேபோல் பூட்டி வையுங்கள்.

ப்ளூ பில் கற்றுக்கொள்ள மட்டும். லூசாக வரும் பலவற்றில் எஃப்103 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே வேறு கம்பெனி சிப் இருக்கும். அசலில் டீபக்கர் படிக்கும் எஸ்டபிள்யூடி அடையாள எண் 1பிஏ01477, நகலில் 2பிஏ01477 என்று வருவதைப் பார்க்கலாம். கியூப் ஐடிஇயின் டீபக்கர் அதைக் கண்டால் இணைக்க மறுத்துவிடும், உங்கள் வயரிங் தப்போ என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள். ரிலே, கனெக்டர், டிரான்ஸ்ஃபார்மருக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போங்கள். விற்கும் போர்டின் மைக்ரோ கன்ட்ரோலரை மட்டும் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள்.

டைமர் கணக்கை அப்படியே காப்பி செய்யாதீர்கள். 8051-இலும் ஏவிஆரிலும் இன்ட் என்ற முழு எண் டைப் 16 பிட், ஆர்மில் 32 பிட். இப்போதைய டிக்கிலிருந்து (டைமர் எண்ணிக்கை) பழைய டிக்கைக் கழிக்கும்போது, கவுன்டர் 65535-ஐத் தாண்டிச் சுழன்றிருந்தாலும் 16 பிட்டில் விடை சரியாக வரும். ஆர்மில் அதே கழித்தல் 32 பிட்டாக மாறி மைனஸ் எண் வரும், மூன்று நிமிடம் முடியவே முடியாது. கழித்த விடையை மறுபடி 16 பிட்டாக காஸ்ட் செய்யுங்கள், இல்லையென்றால் டிக்கையே 32 பிட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இனி வெறும் இன்ட் எழுதும் பழக்கத்தை விட்டு, எஸ்டிடிஇன்ட் ஹெடரில் உள்ள அளவு குறித்த டைப்புகளையே எழுதுங்கள்.

இன்டரப்ட்டில் (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் கோட்) மாறும் கொடிகளுக்கு வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் சொல்) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டீபக் பில்டில் ஓடும், ரிலீஸ் பில்டில் தொங்கும் என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் பெஞ்சில் கடைசியாகச் சோதிப்பது ரிலீஸ் பில்டாகவே இருக்கட்டும். ப்ரேக்பாயின்ட்டில் சிப் நிற்கும்போது ரிலே அதே நிலையில் நிற்கும், கான்டாக்டர் வயரைக் கழற்றிவிட்டு ஒரு பல்பை மாட்டி வேலை பாருங்கள்.

செல்வம் (காசிமேடு):

சரி அண்ணா. 5 வோல்ட் பாகங்கள் பெட்டி நிறைய இருப்பதால் ஏவிஆர் டிபி எடுக்கிறேன், க்யூரியாசிட்டி நானோ ஆர்டர் போட்டாச்சு. கற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய போர்டை எஸ்டிசிசிக்கு மாற்றுகிறேன். டிஎஸ்18பி20 டிலேவை டைமர் 0 வைத்து எழுதினால் கம்பைலர் மாறினாலும் தப்பாது அல்லவா?

பாஸ்கர் (தண்டையார்பேட்டை):

480 மைக்ரோ செகண்ட் ரீசெட் பல்ஸுக்கு டைமர் சரி. பிட் படிக்கும் இடத்தில் முடியாது. லைனைக் கீழே இழுத்ததிலிருந்து 15 மைக்ரோ செகண்டுக்குள் படித்தாக வேண்டும், அது உங்கள் கிரிஸ்டலில் 13 மெஷின் சைக்கிள். டைமரை லோடு செய்து, ஸ்டார்ட் செய்து, ஃப்ளாகைப் பார்ப்பதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். பிட் படிக்கும் ஃபங்ஷனையும் எழுதும் ஃபங்ஷனையும் மட்டும் இன்லைன் அசெம்பிளியில் நாப் (எதுவும் செய்யாமல் ஒரு சைக்கிளைக் கழிக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) எண்ணி எழுதுங்கள். அப்போது எந்த கம்பைலர் பதிப்பு வந்தாலும் நேரம் மாறாது. டிஸ்ப்ளே ஸ்கேன் இன்டரப்ட் நடுவில் புகுந்தாலும் கெட்டுவிடும் என்பதால் அந்த ஃபங்ஷன்களுக்கு எஸ்டிசிசியின் கிரிட்டிகல் சொல்லைப் போடுங்கள், அது இன்டரப்ட்டை நிறுத்தி, முடிந்ததும் பழைய நிலைக்கே கொண்டுவரும். ஒரு பிட்டுக்கு 70 மைக்ரோ செகண்ட் போல நிறுத்துவதால் டிஸ்ப்ளே மினுக்காது. எட்டு பிட்டுக்கும் சேர்த்து நிறுத்தாதீர்கள், பிட்டுக்குப் பிட்டு தனியாக. அப்புறம் ஐஸ் தண்ணீரில் சென்சாரைப் போட்டு 0 வருகிறதா பாருங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும்.